பெயர் வெட்டாத வளையம்

ஹெல்ம்ஷயர் கவுண்டி கவுன்சிலில் சேர்மன் பதவி என்பது வெளியே பார்த்தால் ராஜ மரியாதை, உள்ளே போனால் வாய்ப்பூட்டு. கழுத்தில் தங்கச் சங்கிலி விழும். கறுப்புக் கார் வாசலுக்கு வரும். பாலம் திறக்க, பள்ளிக்கூடம் திறக்க, ராணி வந்தால் கை குலுக்க என்று எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகப் போய் நிற்கலாம். ஆனால் ஓட்டு மட்டும் போடக் கூடாது. இரண்டு பக்கமும் சமமாக வந்து முட்டிக்கொண்டு நின்றால்தான் சேர்மன் வாயைத் திறக்கலாம். சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. சட்டம் தாராளமாகப் போடு என்றுதான் சொல்கிறது. வழக்கம்தான் வேண்டாம் என்கிறது. அந்தக் கவுண்டியில் சட்டத்தை மீறியவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். வழக்கத்தை மீறியவனோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க மாட்டார்கள்.

இந்த வழக்கம் யாருக்கும் உறுத்தாமல் தொண்ணூற்றைந்து வருடம் ஓடியது. விக்டோரியா மகாராணி காலத்தில் கவுன்சிலை ஆரம்பித்தபோது அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் நிலம் நீச்சு உள்ள பெரிய வீட்டுக்காரர்கள். அப்புறம் அவர்களுடைய பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், பிறகு அந்தப் பிள்ளைகளின் குத்தகைக்காரர்கள். கட்சிப் பெயர்தான் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது. எப்படியும் கன்சர்வேட்டிவ்காரர்கள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். அதில் ஒருவர் ஓட்டுப் போடாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும்?

குடி முழுகும் நாள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் வருடத் தேர்தலில் வந்தது. மொத்த இடம் அறுபது. கன்சர்வேட்டிவ் இருபத்தெட்டு, அவர்களோடு எப்போதும் ஒட்டியே நடக்கும் சுயேச்சைகள் இரண்டு. இந்தப் பக்கம் தொழிற்கட்சி பதினெட்டு, லிபரல் பன்னிரண்டு. முப்பதுக்கு முப்பது. அதுவரை சேர்மன் பதவிக்கு அடித்துக்கொண்டவர்கள், இப்போது பந்தியில் கடைசி ரொட்டித் துண்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல ஒருவரையொருவர் உபசரிக்க ஆரம்பித்தார்கள். யார் கழுத்தில் சங்கிலி விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஒரு ஓட்டுப் போச்சு என்பது கணக்குத் தெரியாதவனுக்கும் தெரிந்தது.

ஹெட்டி பிண்டருக்கும் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் தலையைக் கொடுத்தாள்.

அவளுக்கு அப்போது அறுபத்தேழு வயது. தார்ன்கில் பள்ளத்தாக்கின் தொழிற்கட்சி உறுப்பினர், கல்யாணம் செய்துகொள்ளாதவள், கூட்டுறவுக் கடைக் கவுன்டரில் ஆயுள் முழுக்க வெண்ணெயும் பன்றி இறைச்சியும் வெட்டிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். கவுன்சிலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை வருடத்தில் ஊரார் அவளைத் தெருவில் நிறுத்தி அதிகமாகத் திட்டியது குப்பைத் தொட்டிக்காக. சாலை எங்கள் பொறுப்பு, பள்ளிக்கூடம் எங்கள் பொறுப்பு, தீயணைப்பு வண்டியும் முதியோர் இல்லமும் எங்கள் பொறுப்பு, குப்பை மட்டும் எங்களுக்குக் கீழே இருக்கிற டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் வேலை என்று அவளும் இருபது வருடமாகச் சொல்லிவிட்டாள். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கவுண்டி மாளிகையின் பெரிய மாடிப்படி நெடுக முன்னாள் சேர்மன்களின் படங்கள் மாட்டியிருக்கும். மீசை, வேட்டை நாய், ராணுவப் பதக்கம், ஒரு இடத்தில் ஒரு பிஷப். கூட்டத்துக்கு ஒவ்வொரு முறை ஏறும்போதும் அந்தக் கண்கள் எல்லாம் கடைக்காரப் பெண்ணைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்க்கும். வெண்ணெய் வெட்டிய கை ஒன்று இந்தச் சுவரில் தொங்கினால் என்ன என்று அவள் நினைப்பாள். நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை, தம்பியைத் தவிர.

அந்த ஆசை கன்சர்வேட்டிவ் தலைவர் ஜூலியன் ஹெஸ்கெத்துக்கு எப்படி எட்டியதோ தெரியாது. மே மாதக் கூட்டத்தில் அவரே எழுந்து, மிகுந்த மரியாதையுடன், மிஸ் ஹெட்டி பிண்டரின் நீண்ட சேவையைப் பாராட்டி, அவரைச் சேர்மனாக முன்மொழிகிறேன் என்றார். மனிதர் நாற்பத்தைந்து வயசுக்காரர், கணக்கில் புலி, பேச்சில் சர்க்கரை. தொழிற்கட்சி பெஞ்சில் எல்லார் முகமும் தொங்கிப்போயிற்று. சொந்தக் கட்சிக்காரியை வேண்டாம் என்று எப்படி எழுந்து சொல்வது?

தொழிற்கட்சித் தலைவர் டெரிக் ஒல்லர்ட்டன் அவளைத் தேநீர் அறைக்கு இழுத்துப்போனார்.

"ஹெட்டி, அவன் ஒனக்கு நகை போடல, வெலங்கு போடுறான். ஒரு வார்த்த, ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"என் ஒடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன்."

"நமக்கு ஒரு ஓட்டுக் கொறையும்."

"இருபத்திரெண்டு வருஷமா போட்டிருக்கேன் டெரிக். ஒரு வருஷம் போடாட்டி சூரியன் உதிக்காதா?" என்றாள் ஹெட்டி. சொல்லும்போதே தான் செய்வது தப்பு என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் செய்கிற தப்புக்கு ஒரு தனி இனிப்பு உண்டு, அதுதான் மனுஷ ஜென்மம். அன்று சாயங்காலம் சங்கிலி அவள் தோளில் விழுந்தது. துணைச் சேர்மன் பதவி மரியாதைக்காக எதிர்ப் பக்கமான கன்சர்வேட்டிவுக்குப் போனது. லயனல் டஃப்னெல் என்கிற செம்மறியாட்டுப் பண்ணைக்காரர் அதற்கு வந்தார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பதற்குள் எதிரே இருப்பவர் ஒரு கோப்பை தேநீர் குடித்துவிடலாம், அவ்வளவு நிதானம். அவரால் யாருக்கும் தொந்தரவு வராது என்று இரு கட்சியும் ஒருமனதாக நம்பின.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஹெட்டி சங்கிலியைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு லார்ச் ஹவுஸுக்குப் போனாள். அது தார்ன்கில் மேட்டில் கவுண்டி கட்டிய முதியோர் இல்லம். அவளுடைய தம்பி சேத் அங்கேதான் இருந்தான். சுண்ணாம்புக் கல் குவாரியில் வெடி வெடித்து ஒரு கண் போய், மற்றது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது இரண்டும் இல்லை. குவாரி யூனியனோடு ஏதோ பழைய சண்டையில் கோபித்துக்கொண்டு அன்றிலிருந்து கன்சர்வேட்டிவுக்கே ஓட்டுப் போட்டு வந்தவன். அக்கா தேர்தலில் நின்றபோதுகூட அவளுக்கு எதிராகத்தான் குத்தினான். அதை அவளிடமே பெருமையாகச் சொல்வான்.

சங்கிலியை அவன் மடியில் வைத்தாள். அவன் விரலால் தடவிப் பார்த்தான். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சேர்மன் பெயர் வெட்டியிருக்கும். வருடத்தை முழுதாக முடித்தவருக்குத்தான் வெட்டுவார்கள். சேத் விரல் நுனியால் எழுத்துக் கூட்டி ஒவ்வொரு பெயராகப் படித்து, அந்தந்த ஆளுக்குப் பொருத்தமாக ஒரு வசவும் வைத்துக்கொண்டே வந்தான். கடைசி வளையத்தில் விரல் நின்றது.

"இதுல ஒண்ணையும் காணோமே. மொழுமொழுன்னு இருக்கு."

"அது என்னுதுடா. வருஷம் முடிஞ்சதும் பேர் வெட்டுவாங்க."

"பிண்டர்னா வெட்டுவாங்க?"

"பின்ன ஒன் பேரையா வெட்டுவாங்க?"

சேத் சிரிக்கவில்லை. அந்த மொழுமொழு வளையத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். நம்ம அப்பன் குவாரியில் கல்லு வெட்டினான், நம்ம பேரைத் தங்கத்தில் வெட்டப் போறானுங்க என்றான். அப்புறம் சட்டென்று, இருந்தாலும் அடுத்த தேர்தலில் என் ஓட்டு ஒனக்குக் கிடையாது ஹெட்டிக்கா, இப்பவே சொல்லிட்டேன் என்றான். அவள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவளுக்கு அன்று இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

கோடை முழுக்கக் கறுப்புக் காரில் போனாள். எங்கே இறங்கினாலும் யாராவது ஒருவர் வந்து குப்பைத் தொட்டியைப் பற்றிக் கேட்டார்கள்.

இலையுதிர்காலத்தில் அரசாங்கம் செலவு விஷயத்தில் கவுண்டிகளின் கையைக் கட்டியது. ஹெஸ்கெத் உட்கார்ந்து எங்கெங்கே வெட்டலாம் என்று பார்த்தார். மனிதர் கல் நெஞ்சக்காரர் இல்லை. லார்ச் ஹவுஸின் கூரை ஒழுகியது, கொதிகலன் இரண்டு குளிர்காலமாக இருமிக்கொண்டிருந்தது. கவுண்டியின் தலைநகர் ஹெல்ம்பரியில் புது இல்லம் ஒன்று பாதி காலியாகக் கிடந்தது. தரை முழுக்கக் கம்பளம், ஒவ்வொரு அறைக்கும் மணி. எல்லாரையும் அங்கே மாற்றிவிட்டு இதை மூடிவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார். நவம்பர் முழுக் கூட்டத்தில் ஓட்டெடுப்பு. லிபரல்கள் கொஞ்ச நாள் அப்படியும் இப்படியும் ஆடிவிட்டு, கடைசியில் மூடக் கூடாது என்ற பக்கம் வந்து நின்றார்கள்.

அங்கேதான் விலங்கு இறுகியது. மூட வேண்டும் என்பவர்கள் முப்பது பேர். வேண்டாம் என்பவர்களும் முப்பது பேர்தான், ஆனால் அந்த முப்பதில் ஒருத்தி சேர்மன் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆக இருபத்தொன்பது. சமமாக வந்தாலாவது வாயைத் திறக்கலாம், சமமாகவே வராது. ஒல்லர்ட்டன் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு சேத்தைப் பார்க்கப் போனாள். தீர்மானத்தைப் பற்றி அவன் பேச்சே எடுக்கவில்லை. கால்பந்து, பக்கத்து அறைக் கிழவியின் பொய்ப்பல், கஞ்சியில் போடாமல் விட்ட உப்பு என்று எல்லாவற்றையும் பேசினான். பிறகு எழுந்து, சுவரோரக் கைப்பிடிக் கட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தன் பாட்டுக்கு நடந்து, தாழ்வாரம் திரும்பி, சின்னச் சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டு எடுத்து வந்தான். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கட்டையில் எந்த இடத்தில் கணு இருக்கிறது, எந்தக் கணுவுக்கு அப்புறம் எந்தக் கதவு என்பதெல்லாம் அவன் கைக்குத் தெரியும். வந்த புதிதில் ஒரு வருடம் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டது அது. கோப்பையை அவளிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தான்.

"ஹெல்ம்பரியில எல்லாம் கம்பளமாம். மணி அடிச்சா ஆளு வருமாம்."

"ஆமாம்னு சொல்றாங்க."

"சாகுறதுக்கு நான் பயப்படல ஹெட்டிக்கா. அறுபத்திமூணு வயசுல புதுசா ஒரு கட்டடத்த இந்தக் கை படிக்காது. கக்கூஸுக்குப் போகணும்னாகூட மணி அடிச்சு ஒருத்தியக் கூப்புடணும். அதுக்குத்தான் பயம்."

எனக்காக ஏதாவது செய் என்று அவன் கேட்கவில்லை. ஹெட்டி தேநீரைக் குடித்தாள். தன் ஆசைக்காகத் தம்பியின் காலடியில் இருக்கிற தரையை விற்றுவிட்டோமே என்று பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதாள். அன்றைக்குக் காரைக் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மாளிகைப் படியேறினாள். பாதிப் படியில் நின்றாள். அந்த இடத்தில் வரிசையில் ஒரு படம் அகலத்துக்கு வெறும் சுவர். அதன் கதை எல்லாருக்கும் தெரியும். முதல் உலகப் போருக்கு முன்னால் ஒரு பிரபு, கூட்டத்தின் நடுவில் ஏதோ கோபத்தில் சங்கிலியைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறு மாதம் கோபம் தணிந்து வந்து கேட்டார். நடுக்கூட்டத்தில் கழற்றினால் அந்த வருடம் அது திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் அன்றோடு வழக்கமாயிற்று. படம் மாட்டவில்லை, பெயரும் வெட்டவில்லை. அவருக்கான வளையத்தில் துணைச் சேர்மன் பெயரை வெட்டிவிட்டார்கள். புது உறுப்பினர்களுக்கு இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பது ஹெட்டிக்கு ரொம்பப் பிடிக்கும். இன்று அந்த வெறும் சுவரைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு மேலே போனாள்.

பேச்சு மதியம் வரை நடந்தது. ஹெஸ்கெத் நன்றாகவே பேசினார். ஒல்லர்ட்டன் சத்தமாகப் பேசினார். ஒரு லிபரல் பெண்மணி லார்ச் ஹவுஸ் கொதிகலனைப் பற்றி இவ்வளவு விவரம் தேவையா என்று மற்றவர்கள் கேட்கும் அளவுக்குப் பேசினார். மேலே பார்வையாளர் மாடத்தில் தார்ன்கில்லிலிருந்து பஸ் வைத்து வந்தவர்கள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் முடிவு தெரியும். இருபத்தொன்பதுக்கு முப்பது. சிலர் மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"ஓட்டெடுப்புக்கு விடலாமா, மேடம் சேர்மன்?" என்று கவுன்சில் செயலாளர் மிஸ் ப்ரௌட்ஃபுட் குனிந்து கேட்டாள்.

ஹெட்டி எழுந்தாள். இரண்டு கையாலும் சங்கிலியைத் தலைக்கு மேல் தூக்கிக் கழற்றினாள். தலைமுடியில் ஒரு கொக்கி மாட்டிக்கொண்டது. பக்கத்திலிருந்த டஃப்னெல்தான் விடுவித்துக் கொடுத்தார். அதை மேசையில் வைக்கவில்லை, எறியவும் இல்லை. அவர் கையிலேயே கொடுத்தாள்.

"நான் நாற்காலிய விட்டு எறங்குறேன். தார்ன்கில்காரங்க என்னை ஓட்டுப் போடத்தான் இங்க அனுப்புனாங்க. துணைச் சேர்மன் நடத்தட்டும்."

அவள் மேடைப் படியிறங்கி, தொழிற்கட்சி பெஞ்சின் கடைசியில் ஆறு மாதமாகக் காலியாகக் கிடந்த தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். எதிர் பெஞ்சில் ஹெஸ்கெத்தின் முகத்தில் கணக்கு ஓடுவது எல்லாருக்கும் தெரிந்தது. இவளுடைய ஓட்டு அந்தப் பக்கம் ஒன்று கூடுகிறது. டஃப்னெல் நாற்காலியில் உட்கார்ந்தால் இந்தப் பக்கம் ஒன்று குறைகிறது. சங்கிலி போட்டுப் பிடித்த ஓட்டு சங்கிலியோடே அறுந்துகொண்டு போயிற்று.

டஃப்னெல் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூடலாம் என்பவர்கள் கை தூக்கினார்கள். மிஸ் ப்ரௌட்ஃபுட் இரண்டு தடவை எண்ணினாள். இருபத்தொன்பது. வேண்டாம் என்பவர்கள் தூக்கினார்கள். ஹெட்டி மற்ற எல்லாரையும்விட உயரமாகத் தூக்கினாள். முப்பது.

ஹெஸ்கெத் மெதுவாக எழுந்தார். குரலில் கோபம் இல்லை. சேர்மன் ஓட்டுப் போடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, தயவுசெய்து செயலாளரைக் கேளுங்கள் என்றார். டஃப்னெல் செயலாளரைக் கேட்டார். மிஸ் ப்ரௌட்ஃபுட் நேர்மையான பெண், உள்ளதைச் சொன்னாள். சட்டப்படி அவர் ஒரு உறுப்பினர், ஓட்டுப் போடலாம். போட்டால் முப்பதுக்கு முப்பது. அப்போது சேர்மன் என்ற முறையில் இன்னொரு ஓட்டும் போடலாம்.

ஆக லார்ச் ஹவுஸ் இப்போது லயனல் டஃப்னெல் கையில் இருந்தது. தான் இறங்கி வந்ததெல்லாம், சொந்தக் கட்சிக்காரர்கள் முன்னால் இந்த மனிதர் ஒரு பழைய வழக்கத்தைக் காப்பாற்றுவார் என்று நம்பித்தான் என்பது அப்போதுதான் ஹெட்டிக்கு முழுசாக உறைத்தது. அந்த மனிதர் மூடவேண்டும் என்று மனதார நம்புகிறவர். கமிட்டியில் அப்படித்தான் ஓட்டுப் போட்டிருந்தார். கூரை ஒழுகுகிற இடத்தில் வயதானவர்களை வைத்திருப்பது பாவம் என்று அவர் சொன்னதை அவளே கேட்டிருக்கிறாள்.

டஃப்னெல் யோசித்தார். அவர் யோசிக்கும் வேகம் எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் அன்று மாடத்தில் ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பிரார்த்தனை செய்ய ஆரம்பித்துவிட்டாள். அவர் பேசினார்.

"மிஸ் பிண்டர் ஆறு மாசமா இந்த நாற்காலியில ஒக்காந்திருந்தாங்க. ஒரு ஓட்டுக்கூடப் போடல. அப்ப நாம யாரும் சட்டத்தக் கேக்கல. நமக்கு அது சௌகரியமா இருந்துது."

நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

"கூரையப் பத்தி என் அபிப்பிராயம் மாறல. ஆனா இந்தக் கவுண்டியில சேர்மன் ஓட்டுப் போடுறதில்ல. தீர்மானம் தோத்துப்போச்சு. சாப்பாட்டுக்குப் போகலாம்."

மாடத்தில் கைதட்டினார்கள். தட்டக் கூடாது என்று டஃப்னெல் சொல்ல வேண்டும், சொல்லத்தான் ஆரம்பித்தார், ஆனால் அவர் வாக்கியம் முடிவதற்குள் அவர்களே தட்டி முடித்துவிட்டார்கள். சாப்பாட்டு அறையில் அவருடைய கட்சிக்காரர்கள் அவரைத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள், அதாவது அவர் உட்கார்ந்த மேசைக்கு யாரும் வரவில்லை. கடைசியில் ஹெஸ்கெத்தே தன் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தார். இருவரும் ஆட்டிறைச்சி சாப்பிட்டார்கள்.

ஹெட்டி பஸ்ஸில் நேரே லார்ச் ஹவுஸுக்குப் போனாள். ஒல்லர்ட்டன் படி வரை வந்து, அவள் கையைப் பிடித்து, மன்னிச்சுடு ஹெட்டி என்றார். பஸ்ஸில் முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்து, நீதானே கவுன்சில்காரி, மூணு வாரமா எங்க தெருவில் குப்பை எடுக்கலை என்றாள். அது டிஸ்ட்ரிக்ட் வேலை என்று சொல்ல ஹெட்டிக்கு அன்று தெம்பில்லை. கவனிக்கிறேன்மா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சேத் எல்லாவற்றையும் வானொலிச் செய்தியில் கேட்டிருந்தான். இல்லம் தப்பியதைச் சொன்னார்கள், சேர்மன் பதவி விலகினார் என்றும் ஒரு வரி சொன்னார்கள். அவள் உள்ளே வந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப பேர் வெட்ட மாட்டாங்களா?"

"இல்லடா."

அவன் எழுந்து, கைப்பிடிக் கட்டையைத் தடவிக்கொண்டு போய், தேநீர் போட்டு எடுத்து வந்தான். வழக்கம்போல ஒரு கேலி சொல்லுவான் என்று அவள் காத்திருந்தாள். அன்று அவனுக்குக் கேலி வரவில்லை. கோப்பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டிருந்தான். அவள் சர்க்கரையே போட்டுக்கொள்வதில்லை. இருந்தும் அத்தனையும் குடித்தாள்.

குளிர்காலம் போனது. கூரைக்குத் தார் பூசினார்கள், டஃப்னெல்தான் பின்னாலேயே நின்று அதற்கு வழி பண்ணினார் என்று பேச்சு. படி ஏறும்போது ஹெட்டி சுவரை நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டாள். தனக்கு வருத்தம் இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். வருத்தம் இருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு ஒரு தடவைதான் அந்தக் கதவு திறக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

பதவிக்காலம் முடியும் வாரத்தில் சேர்மன் முதியோர் இல்லங்களுக்கு எல்லாம் ஒரு சுற்றுப் போய் வருவது வழக்கம். மே மாதம் முதல் வாரம் டஃப்னெல் லார்ச் ஹவுஸுக்கு வந்தார். ஹெட்டியும் இருந்தாள். முதியவர்கள் ஒவ்வொருவரிடமும் அவர் கை குலுக்கி, ஒவ்வொருவரிடமும் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, பொறுமையாக முடித்தார். சேத்திடம் வந்ததும் அவன் கையை நீட்டினான். குலுக்குவதற்கு இல்லை.

"சங்கிலியக் குடுங்க மிஸ்டர் டஃப்னெல். பாத்து நாளாச்சு."

டஃப்னெல் கழற்றி அவன் மடியில் வைத்தார். சேத்தின் விரல் பழைய பெயர்களின் மேல் வேகமாக ஓடியது. இந்த முறை வசவு இல்லை. கடைசிக்கு வந்ததும் நிதானமானான். வருடம் முடிவதால் பெயர் வெட்டியாகிவிட்டது. புது வெட்டு, ஓரம் இன்னும் கூர்மையாக இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தான். டஃப்னெல். சரிதான் என்று தலையாட்டினான். பிறகு விரல் ஒரு வளையம் பின்னால் போனது, நின்றது, திரும்பவும் தடவியது.

"இதுக்கு முன்னால ஒண்ணு மொழுமொழுன்னு இருக்கே. வெட்ட மறந்துட்டாங்களா?"

"மறக்கல," என்றார் டஃப்னெல். "வெட்டுறவன்கிட்ட நான்தான் சொன்னேன். புதுசா ஒரு வளையம் கோத்து என் பேர அதுல வெட்டுன்னு."

ஹெட்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சுவர்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அப்படி ஒரு வழக்கம் நம்ம கவுண்டியில கெடையாதே என்று எப்படியோ சொன்னாள்.

"இல்லதான்," என்றார் டஃப்னெல். அவர் வாக்கியத்தை முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார். "இனிமே உண்டு. அதுல யாரும் பேர் வெட்டக் கூடாதுன்னு செயலாளர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

சேத் அந்த வளையத்தை விடவே இல்லை. மற்ற கையால் காற்றில் துழாவி அக்காவின் கையைக் கண்டுபிடித்தான். இழுத்து, வெண்ணெய் வெட்டித் தழும்பேறிய அவள் கட்டைவிரலை அந்த மொழுமொழு இடத்தில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

"படி ஹெட்டிக்கா," என்றான்.